மருந்துக்குக் கால் இருந்தது

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் தென்னை கருகிய வருஷத்துப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "அந்த மழை மட்டும் பேயலன்னா ஒரு மரம் மிஞ்சியிருக்காது" என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் ஆட்டுவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. கேட்காமலே சொல்லிவிடுகிறேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நீட்டிச் சொல்லத் தெரியாது.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கருவடிக்குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் எங்கள் குடிசை. தோப்பு சொல்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்போமே, அப்படி ஒருவர். சைகோன் வரைக்கும் போய்வந்தவர். அப்பா அவர் மரங்களில் கள் இறக்கி முத்தியால்பேட்டைக் கள்ளுக்கடைக்கு ஊற்றினார். எங்களுக்குச் சோறு அதில்தான்.

எங்கள் ஆட்களிடம் இரண்டு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் பாளை சீவுகிற மரத்தில் இன்னொருவர் ஏறக் கூடாது. கை மாறினால் பாளை மக்கர் பண்ணும் என்பார்கள். தேங்காய் பறிக்கிறவன்கூட அப்பாவைக் கேட்டுத்தான் தோப்புக்குள் வருவான். இன்னொன்று, கடையில் பானையை இறக்கினதும் முதல் மொந்தையை இறக்கினவரே எல்லாருக்கும் முன்னால் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைப்பார்கள். அப்பா குடிகாரர் இல்லை. ஆனாலும் தினம் அந்த ஒரு மொந்தை குடிப்பார். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவார். பேச மாட்டார்.

பேச்சுக்கு மாமா இருந்தார். அம்மாவுக்கு அண்ணன். எங்களுக்குத் தெற்கே அடுத்த தோப்பில் அவர் இறக்கினார். மரத்து மேலே இருந்தபடியே கீழே போகிறவர்களோடு பேசுவார். அவர் பேசினால் கடையே கேட்கும்.

மாசிக் கடைசியில் அடிமட்டைகள் நிறம் மாறின. முதலில் சாம்பல். பிறகு காய்ந்த புகையிலை நிறம். கடற்கரையில் நின்று பார்த்தால் யாரோ தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு தோப்பு நெடுக நடந்த மாதிரி இருந்தது. நடுக்குருத்து மட்டும் பச்சை. கீற்றைத் திருப்பினால் நரம்பை ஒட்டி ஒரு நீளக் கூடு. மூக்குப்பொடியைக் கொட்டி மேலே நூலாம்படை போட்டு மூடின மாதிரி இருக்கும். அதைக் கிழித்தால் உள்ளே வெளிர்பச்சைப் புழு. தலை கறுப்பு. ஈர்க்குச்சியால் தொட்டால் பின்னாலேயே துள்ளிப் போகும்.

பாளை சிறுத்தது. பானையில் கள் குறைந்தது. நுரைக்கிற சத்தம்கூட இளைத்துப்போனது.

அப்போதுதான் அவர் வந்தார். சைக்கிளில், அரைக்கைச் சட்டையோடு. கைப்பிடியில் ஒரு துணிப்பை. பையை ஈரத்துணியால் சுற்றியிருந்தார். பழைய பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். பேச்சிலேயே தெரிந்தது. வயசு அதிகமில்லை. அப்பாவும் மாமாவும் மரத்தடியில் அருவாள் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தீட்டுகிற கட்டையில் மணல் தூவிக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தோப்புல ஏறுறது யாருப்பா?"

"நாந்தான் ஐயா" என்றார் அப்பா.

"ஓலையெல்லாம் தீஞ்சு கிடக்குதே, பார்த்தியா?"

"தெனம் மேலதான ஐயா இருக்கறேன்."

அவர் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். சுண்டுவிரல் நீளம். வாயில் பஞ்சு அடைத்திருந்தது.

"மருந்து கொண்டாந்திருக்கேன். சர்க்கார் மருந்து. மேல ஏறி, புழு வச்ச மட்டையில இதக் கட்டிட்டுப் பஞ்சை மட்டும் எடுத்துடு. வேற ஒண்ணும் வேணாம்."

மாமா கையை நீட்டி வாங்கினார். வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மாப்ள, இங்க பாரு. மருந்துக்குக் காலு இருக்குது."

நான் எட்டிப் பார்த்தேன். எறும்புக்கு ரெக்கை முளைத்த மாதிரி கறுப்பாகச் சின்னப் பூச்சிகள். பஞ்சைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

"காலு மட்டுமா, ரெக்கையும் இருக்குதே" என்றார் மாமா. "ஏன் ஐயா, இத முழுங்கணுமா, மரத்துக்குத் தடவணுமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா. சொன்னதச் செய்ங்க" என்றார்.

இப்போது நினைத்தால் அவர்மேல் கோபம் வரவில்லை. பூச்சி என்று சொன்னால் பயப்படுவோம் என்று மருந்து என்றிருக்கிறார். பஞ்சில் தேன் தொட்டு வைத்திருந்தார். பிறகுதான் அது தேன் என்று தெரிந்தது. பூச்சிக்குத் தேன் கொடுத்தவர் எங்களுக்கு ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. பையிலிருந்த குழாய் எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்குக் கள்ளுக்கடையில் மாமா பேசினார். நானும் அப்பாவோடு போயிருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் அப்போது மதுவிலக்குச் சட்டம், கள் கிடையாது. போலீஸ் பானையை உடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து ஆட்கள் நடந்தே இங்கே வந்து குடித்துவிட்டு, வெயில் தாழத் தள்ளாடிக்கொண்டு திரும்புவார்கள். கொடி மாறினதிலிருந்து எங்களுக்கு ஒரே பயம்தான். அந்தச் சட்டம் இங்கேயும் வந்துவிடும் என்று.

"சட்டம் போட்டா நாம சண்டைக்குப் போவோம்" என்றார் மாமா. "சர்க்காருக்காரனுக்குத் தெரியாதா? அதான் பூச்சிய விடறான். மரம் செத்துச்சுன்னா கள்ளு ஏது? சத்தமில்லாம முடிஞ்சிடும்."

"புழு அவரு வர்றதுக்கு முன்னாலயே வந்துடுச்சே?" என்று ஒருவர் கேட்டார்.

"மின்ன வந்து விட்டுட்டுப் போனான். இப்ப மிச்சத்த விட வந்திருக்கான். பகல்ல சைக்கிள்ல வர்றவன் அதுக்கு மின்ன எப்ப வந்தானோ, யாரு பார்த்தா?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மொந்தையைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் அப்பா சொல்தாவிடம் போனார். அவர் காக்கி அரைநிஜாரோடு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழாயை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அலோர்" என்று பிரெஞ்சில் ஆரம்பித்தார். "பிரான்சுல மருந்துன்னா மேல பேரு எழுதி ஒட்டியிருப்பான். இதுல ஒண்ணும் இல்லியே."

"கட்டலாமா முசே?"

"கட்றதும் கட்டாததும் உன் பாடு. மரம் உன் கையில." குழாயைத் திருப்பிக் கொடுத்தார். "ஆடி வரைக்கும் பொறுப்பேன். ஓலை தேறலன்னா எல்லாத்தையும் வெட்டி விறகுக்குப் போட்டுட்டு இடத்த வித்துடுவேன். வீடு கட்ட ஆளுங்க கேக்கறாங்க."

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னார். மரம் போனால் குடிசையும் போகும். கட்டினால் பூச்சி மரத்தைத் தின்றுவிடும் என்றார் மாமா. கட்டாவிட்டால் புழு தின்னும். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "ரெண்டுல எது மெல்லத் தின்னும்னு பாருங்க" என்றாள்.

அப்பா ஒரு வேலை செய்தார். தோப்புக்கு வெளியே வாய்க்கால் ஓரம் ஒற்றை மரம் ஒன்று இருந்தது. கோணல் மரம். அதில் யாரும் கள் இறக்கவில்லை. எல்லாக் குழாயையும் அதிலேயே கட்டினார். செத்தால் அந்த ஒன்று சாகட்டும் என்று. பூச்சிக்காரர் ஒரு வாரம் கழித்து வந்து, "எல்லா மரத்துலயும் கட்டியாச்சா?" என்றார். "கட்டியாச்சு ஐயா" என்றார் அப்பா. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அவருக்கு ஏறத் தெரியாது. வேறு ஆளை ஏற்றவும் முடியாது, எங்கள் கட்டு அப்படி. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சித்திரை வெயிலில் ஒரு காலை, அப்பா ஒற்றை மரத்தில் ஏறி ஒரு மட்டையை வெட்டிப் போட்டார். மாமா குந்தி உட்கார்ந்து கீற்றுக் கீற்றாகத் திருப்பினார். ஒரு கூட்டைக் கிழித்ததும் "ஏய்!" என்றார். நாங்கள் குனிந்தோம்.

உள்ளே ஒரு புழு படுத்திருந்தது. அசையவில்லை. அதன் முதுகில் அரிசி நொய் மாதிரிக் குட்டிப் புழுக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பக்கத்தில் அந்தக் கறுப்புப் பூச்சி. ஈர்க்கால் தள்ளினாலும் ஓடவில்லை. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது.

"பார்த்தீங்களா? கோழி குஞ்ச விட்டுப் போவுமா? இதான் தாயி. இது அத்தனையும் இது போட்ட குட்டி" என்றார் மாமா. "பெரிய புழு மூத்த புள்ள. தாய கொண்டாந்து குடுத்துட்டு மருந்துன்னு சொல்லியிருக்கான், படுபாவி."

யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. கண்ணால் பார்த்தோமே. தாய் குட்டிகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்பா திரும்ப ஏறினார். நடுக்குருத்தை விட்டுவிட்டு மட்டையெல்லாம் வெட்டித் தள்ளினார். மாமா கொளுத்தினார். பச்சையும் காய்ந்ததுமாக வெடித்து வெடித்து எரிந்தது. புகை கடல்பக்கம் போகாமல் எங்கள் குடிசைப்பக்கமே வந்தது.

கொளுத்துவதற்கு முன்னால் அம்மா அந்த ஒரு கீற்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள். சொல்தா வீட்டில் எனக்குக் கொடுத்த பிரெஞ்சு மிட்டாய்ச் சீசா ஒன்று இருந்தது. வயிறு பெருத்த சீசா. கழுவின பிறகும் எலுமிச்சை வாசனை அடிக்கும். அதில் கீற்றைச் சுருட்டிப் போட்டு வாயில் துணி கட்டினாள்.

"இன்னாத்துக்கு?" என்றார் அப்பா.

"சாட்சிக்கு. முசே கிட்ட காட்டணும். அந்த ஆளு வந்தா மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

சொல்தா அப்போது காரைக்காலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். சீசா உறியில் தொங்கியது. நான் தினம் பார்ப்பேன். நொய்ப் புழுக்கள் பருத்தன. பெரிய புழு இளைத்துக்கொண்டே வந்தது. பிறகு நொய்ப் புழுக்கள் ஒவ்வொன்றும் பழுப்பாக ஒரு கூடு கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன. பெரிய புழு வற்றிப்போய்க் கருவாட்டுத் துணுக்கு மாதிரி ஒட்டிக்கிடந்தது.

சொல்தா வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று அம்மா சீசாவை இறக்கினாள். துணிக்கு அடியில் கறுப்புப் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. புழு ஒன்றுகூட இல்லை. அம்மா வெகுநேரம் சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தோ, இங்க வாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "இது புழுவுக்குத் தாயின்னா, பெரிய புள்ள ஏன் செத்துது? சின்னதுங்கல்லாம் அது மேலயே ஒக்காந்து அதையே தின்னுதே. கடைசீல பூச்சியாத்தான வந்திருக்குது?"

அப்பா சீசாவை வாங்கினார். பார்த்தார்.

"கொளுத்திட்டமே" என்றார்.

அம்மா சீசாவை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். மாமா மரத்தை விட்டு இறங்கவேயில்லை. மேலேயிருந்தே கேட்டார்.

"சீசாவுக்குள்ள அடச்சி வச்சா நீயும் நானுங்கூடத்தான் சாவோம். போ, போயி சோறாக்கு."

சொல்தா சீசாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க வூட்டு சீசா ஆச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மரம் ஆடிக்குள் தேற வேண்டும், எப்படித் தேறினால் என்ன என்பது அவர் கணக்கு. அந்தச் சீசா பிறகு எங்கே போனதோ. வீடு மாறினபோது காணோம்.

அப்பா பூச்சிக்காரரைத் தேடி டவுனுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். பெரிய வாய்க்காலைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவை. மஞ்சள் சுவரும் மூடின ஜன்னலுமாகத் தெருவே தூங்குகிற மாதிரி இருந்தது. ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் அவர் ஆபீஸ். பலகை நெடுக அரிக்கேன் விளக்கின் சிம்னிக் கண்ணாடிகளை நிறுத்தி, மேலும் கீழும் துணி கட்டியிருந்தார். உள்ளே ஓலைத் துண்டு, புழு, பூச்சி. ஈரமும் தேனும் கலந்த ஒரு வாடை. அப்பா வாசற்படியிலேயே நின்றார்.

"நீங்க குடுத்தத எரிச்சிட்டேன் ஐயா."

அவர் நிமிர்ந்தார். "எத?"

"பூச்சிய. எல்லாத்தையும் ஒரே மரத்துல கட்டினேன். அப்புறம் வெட்டிக் கொளுத்திட்டேன்."

"எல்லா மரத்துலயும் கட்டினதா சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

அவர் கையில் இருந்த சிம்னியை மெதுவாகக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏன்பா?"

"புழுவுக்குத் தாயின்னு நெனச்சிட்டோம். மொதல்லயே பூச்சின்னு சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொல்லியிருந்தா கட்டியிருப்பியா?"

அப்பா யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார். ஒரு சிம்னியைக் காட்டி எல்லாம் சொன்னார். பூச்சி கொட்டினால் புழு மயங்கிவிடுமாம். அதன் மேல் முட்டை வைக்குமாம். குஞ்சு புழுவை உறிஞ்சியே வளருமாம். ஓலையைத் தொடவே தொடாதாம். மரத்தடியில் அன்றைக்கு இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்.

"திரும்பக் குடுங்க ஐயா. மரத்துக்கு ஒண்ணா கட்டறேன்."

"இருந்தாத்தானே குடுக்க? புழு கொண்டா. உயிரோட. நெறைய. புழு இருந்தாத்தான் பூச்சி வளரும்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. அப்பா விடிந்ததும் பாளை சீவ ஏறும்போதே புழு வைத்த கீற்றுகளையும் அறுத்துக் கீழே போடுவார். அம்மாவும் நானும் கூட்டைப் பிரித்து, ஈர்க்கால் புழுவைத் தள்ளிப் பானையில் போடுவோம். என் விரல் சின்னது. புழு நசுங்காது. நகக்கண்ணில் அந்த மூக்குப்பொடி ஏறிச் சோறு சாப்பிடும்போதும் வாடை அடிக்கும். பானையில் கொஞ்சம் ஓலை போட்டுத் துணியால் வாயைக் கட்டுவோம். கள் பானையோடு மாறிவிடக் கூடாது என்று அம்மா அதன் கழுத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தாள். அப்பா தோளில் காவடிபோட்டு எல்லாப் பானையையும் ஒன்றாகத் தூக்கிப் போவார். கடையில் கள்ளை இறக்கிவிட்டு, பொட்டுப் பானையை மட்டும் எடுத்துக்கொண்டு டவுனுக்கு நடப்பார்.

என்ன அது என்று யாராவது கேட்டால், "வேலையா போறேன்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். பூச்சிக்காரர் செய்த தப்பையே அப்பாவும் செய்தார். எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

வைகாசியில் ஒரு நாள். கடையில் கூட்டம். அப்பா காவடியை இறக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். மாமா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, இதுல இன்னா தனியா பொட்டு வச்சி வச்சிருக்க? நல்ல சரக்கா? எங்களுக்குக் கெடயாதா?"

"அத வுடு மச்சான்" என்றார் அப்பா.

விட்டிருந்தால் அவர் மாமா இல்லையே. துணியை அவிழ்த்தார். ஒரு புழு பானை விளிம்பில் ஏறி வந்து துள்ளி விழுந்தது.

"கள்ளுல புழுவா, புழுவுல கள்ளா?" என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு இது?" என்றார் மாமா.

"பூச்சிக்கு."

"எந்தப் பூச்சிக்கு?"

"அந்த ஆளு பூச்சிக்கு. டவுன்ல வளக்கறாரு. குடுத்துட்டு, பூச்சிய வாங்கியாந்து மரத்துல கட்டப்போறேன்."

அப்பா சொன்னது அத்தனையும் நிஜம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவர்மேலேயே விழுந்தது.

"அப்ப நீயே தீனி போட்டு வளக்கற" என்றார் மாமா. குரல் தாழ்ந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. "எங்க மரம் சாவணும். உனக்கு இன்னா குடுத்தான் மாப்ள? டவுன்ல வேலையா? இன்னாதான் குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல."

"ஒண்ணும் குடுக்காமலா தெனம் சொமக்கற?"

அப்பா பொட்டில்லாத பானையிலிருந்து ஒரு மொந்தை மொண்டார். எல்லாருக்கும் முன்னால் நின்று குடித்தார். வழக்கமாகக் குடிப்பதைவிட மெதுவாக, அடி வரைக்கும். மொந்தையை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. இன்னொரு மொந்தை மொண்டு அதையும் குடித்தார். திரும்ப நீட்டினார். கடைக்காரர் மணலையே பார்த்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போய்டுப்பா. இன்னிக்கு வேணாம்" என்றார்.

இன்றைக்கு வேண்டாம் என்றது, பிறகு என்றைக்கும் வேண்டாம் என்றானது. நாங்கள் கள்ளை வாய்க்கால் ஓரம் கொட்டினோம். தேனீக்கள் வந்து அதில் விழுந்து, எழுந்து, திரும்பவும் விழுந்தன. கிணற்றடியில் பிள்ளைகள் என்னைப் "புழுக்காரன் மவ" என்றார்கள். என் குடத்தைத் தொட மாட்டார்கள்.

அம்மா ஒரு நாள் கேட்டாள். "கள்ளும் போச்சு. இன்னும் யாருக்காக இந்தப் புழுவ சொமக்கறீங்க?"

"மரம் இன்னா பண்ணுச்சு?" என்றார் அப்பா.

புழு கொடுத்தார். பூச்சி வாங்கிவந்தார். இந்தத் தடவை மரத்துக்கு ஒன்றாகக் கட்டினார். பானை கட்டுகிற அதே முடிச்சு. ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, திரும்ப ஒரு சுற்று. காற்றடித்தாலும் மழை பெய்தாலும் இறுகுமே தவிர அவிழாது. கள் இறக்காத மரத்தில் ஒரு ஆள் தினம் ஏறி இறங்குவதை அக்கம்பக்கத் தோப்புக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் துப்புவார்கள்.

ஆனிக் கடைசியில் அப்பா மேலேயிருந்து ஒரு கீற்றைக் கீழே போட்டார். நானும் அம்மாவும் பிரித்தோம். கூடு இருந்தது. உள்ளே பழுப்புக் கூடுகள், வற்றிப்போன புழு. இன்னொரு கீற்று. அதிலும் அப்படித்தான். புதிதாக விரிந்த மட்டைகள் சுத்தமாக இருந்தன. நடுவிலிருந்து பச்சை கீழே இறங்கி வந்தது. பூச்சிக்கு வேலி தெரியாது. மாமா தோப்பின் ஓரத்து மரங்களும் தெளிந்தன.

அதற்குப் பிறகுதான் மழை வந்தது. ஆடியில். நன்றாகவே பெய்தது. கருகின மட்டையெல்லாம் ஊறி விழுந்தன. எல்லாருக்கும் தெரிந்தது அந்த மழைதான். "மழை வந்துச்சு, புழு ஒழிஞ்சிது" என்றார்கள். மாமாவும் அதையே சொன்னார். "அவன் அத்தினி கேடு பண்ணியும் மழை காப்பாத்திடுச்சு."

சொல்தா மரத்தை வெட்டவில்லை. ஆனால் கள் விற்காத ஆளுக்கு மரம் எதற்கு? அப்பாவைக் கூப்பிட்டார்.

"கோபம் வச்சிக்காத. உன் கள்ள எவனும் வாங்க மாட்டேங்கறான். மரத்த உன் மச்சானுக்கு விடறேன்."

"சரிங்க முசே" என்றார் அப்பா. அன்று சாயங்காலமே காலில் மாட்டி ஏறுகிற தளையையும் பாளை அருவாளையும் கழுவித் துடைத்து மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். மாமா உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

முதலியார்பேட்டைக்கு வந்தோம். அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்தது. சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். சங்குக்கு நடுவில் அவர் வானத்தைப் பார்த்ததே இல்லை. பூச்சிக்காரரையும் மாற்றல் ஆக்கி எங்கேயோ அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி.

இரண்டு வருஷம் போயிருக்கும். மாமா பெண் வயசுக்கு வந்த சடங்கு. அம்மாவும் நானும் போனோம். அப்பா வரவில்லை. சடங்கு முடிந்து எல்லாரும் எங்கள் பழைய தோப்பு நிழலில் உட்கார்ந்திருந்தோம். மாமா கள் இறக்கப்போனவர் பாதியிலேயே இறங்கி வந்தார். உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, இங்க பாரு. உம் புருஷன் மரத்துல இன்னாவோ கட்டி வச்சிட்டுப் போயிருக்கான்."

கண்ணாடிக் குழாய். மட்டை விழுந்த பிறகும் பன்னாடையில் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, கொஞ்சம் பாசி. கயிறு அப்படியே இருந்தது. அப்பா முடிச்சு. அதை அவிழ்க்க முடியாமல் மாமா கயிற்றை அறுத்து எடுத்திருந்தார்.

பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். "செய்வினையா இருக்கும்" என்றாள் ஒருத்தி. "தொடாத" என்று என் கையைத் தட்டினாள் இன்னொருத்தி.

அம்மா எழுந்தாள். "ஆமா அண்ணே. மரத்துக்கு ஒண்ணு வச்சிட்டுத்தான் வந்தாரு. எல்லாத்தையும் தேடி எறக்கிட்டு, அப்பறமா கள்ளு எறக்கு."

மாமா அவளைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து உப்பு கொண்டுவரச் சொன்னார். மணலைத் தோண்டிக் குழாயைப் போட்டு, கைநிறைய உப்பை அள்ளிக் கொட்டி மூடினார். காலால் மிதித்தார். மூன்று தரம் துப்பினார். பிறகு தளையை மாட்டிக்கொண்டு அதே மரத்தில் ஏறினார். மேலே மட்டைகள் அடி வரைக்கும் பச்சையாகத் தொங்கின. பானை நுரைத்துக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்கள் மொந்தையோடு காத்திருந்தார்கள்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு. அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு போட்டுப் புதைத்தது வரைக்கும். அப்பா முழுக்கக் கேட்டார்.

"ஓலை எப்பிடி இருக்குது?"

"அடிமட்டை வரைக்கும் பச்சை."

"மச்சான் தோப்புல?"

"அங்கயுந்தான்."

அப்பா தலையைத் தட்டிப் பஞ்சை உதறினார்.

"சரி. சோத்தப் போடு" என்றார்.